முத்தையன்கட்டு ரொக்கட்காரிக்கு மாமா எழுதுவது

அன்பு மருமகளுக்கு,

போன கிழமை நீ லெகோக் கட்டையில் ரொக்கட் கட்டி வட்ஸ்அப்பில் அனுப்பிய ஏழு படங்களுக்கும் சேர்த்து ஒரேயொரு பெருவிரலைப் போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தது உனக்குச் சரியான கோபம் என்று அக்கா சொன்னார். கோபப்படாதே பிள்ளை. படங்களைக் கடையிலுள்ள பெரிய கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு அலுமினியக் கதவு ஓடர் ஒன்று வந்து இரண்டு நாள் தின்றுவிட்டது. உன்னைப்போல வேறு இரண்டு மூன்று பிள்ளைகளும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், அதனால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் பகிரங்கமாக எழுதுகிறேன். பெயர் போடவில்லை, பயப்படாதே.

கேள்வி இதுதானே: "மாமா, எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினனான், ஆனா ஏன் இது ரொக்கட் மாதிரி இல்லாமல் மண்ணெண்ணெய் பரல் மாதிரி இருக்கு?"

பரல்தான். நான் அளந்தேன். உன்னுடையது 6 குமிழ் அகலம், 25 கட்டை உயரம். குமிழ் என்றால் கட்டையின் தலையில் நிற்கும் வட்டப் பொட்டு. லெகோவில் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீற்றர், ஒரு கட்டை 9.6 மில்லிமீற்றர் உயரம், மெல்லிய தட்டை அதில் மூன்றில் ஒன்று, 3.2. ஆகவே நீ கட்டியது 48 மி.மீ. அகலம், 240 மி.மீ. உயரம், அதாவது உயரம் அகலத்தின் ஐந்து மடங்கு. சந்திரயான் 3-ஐக் கொண்டுபோன எல்.வி.எம். 3 ரொக்கட் 43.5 மீற்றர் உயரம், நடு உடம்பு 4 மீற்றர் விட்டம். கிட்டத்தட்ட 11 மடங்கு! பாதி உயரத்தில் வெட்டிவிட்டு அதற்கு இந்தியக் கொடி ஒட்டியிருக்கிறாய்.

நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன். டென்மார்க் மாமி அனுப்பிய பார்சலைக் கொட்டி, கையில் அதிகமாக அகப்பட்ட கட்டையை எடுத்து அடியிலிருந்து கட்டத் தொடங்கினாய், கட்டை முடிந்த இடத்தில் ரொக்கட்டும் முடிந்தது. வீடு கட்டுகிறவன் கல்லை எண்ணிக்கொண்டா அத்திவாரம் போடுகிறான்? முதலில் ஒரு கொப்பியும் அடிமட்டமும் எடு. ரொக்கட்டில் எந்த அகலத்தைப் பிழைக்க விடக்கூடாதோ அதைக் குமிழில் பொருத்து. மிச்ச அளவெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

எல்.வி.எம். 3-க்கு நான் மூன்று இரவு கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த அளவு 125-இல் ஒன்று, அதாவது உண்மையான ரொக்கட்டை 125 மடங்கு சிறிதாக்குவது. ஏன் தெரியுமா? 4 மீற்றர் உடம்பு 32 மி.மீ. ஆகிறது, சரியாக 4 குமிழ். மேலே செய்மதியை மூடியிருக்கும் கூம்பு 5 மீற்றர் விட்டம், அது 40 மி.மீ., சரியாக 5 குமிழ். ஒரு பின்னமும் இல்லை! மொத்த உயரம் 348 மி.மீ. வர வேண்டும், 36 கட்டை அடுக்கினால் 345.6 வரும், குறைவது ஒரு தட்டைகூட இல்லை. பக்கத்தில் ஒட்டிநின்று தள்ளும் பூஸ்டர் ரொக்கட்டுகள் இரண்டும்தான் கொஞ்சம் அடம்பிடிக்கும், 3.2 மீற்றர் என்பது 3.2 குமிழாகிவிடும். அதை 3 என்று வை, ஒருவரும் பொலிசுக்குப் போகமாட்டார்கள். இதே அளவில் 1.6 மீற்றர் உயரமான ஆள் சரியாக நான்கு தட்டை உயரம்.

இந்த இடத்தில் ஒரு குறை சொல்ல வேண்டும். ரொக்கட்டுக்குப் பக்கத்தில் லெகோ மனிதனை நிறுத்தியிருக்கிறாய் பார், அவன் 4 சென்ரிமீற்றர். நம் கணக்கில் அவன் 5 மீற்றர் இராட்சதன். கூம்பின் அகலம் அளவுக்கு உயரம். அவனைத் தூக்கிவிட்டாலே உன்னுடைய ரொக்கட் பாதி பெரிதாகிவிடும், ஒரு கட்டையும் கூட்டாமல்.

அடுத்தது வட்டம். வட்டக் கட்டை உன்னிடம் இல்லை, எனக்கும் போதாது. அதனால் உள்ளே 2க்கு 2 சதுரத் தூண் ஒன்றைக் கட்டி, அதன் நான்கு பக்கமும் தோல் மாதிரித் தட்டைகளைப் பக்கவாட்டில் ஒட்டு. தூணுக்கு எந்த நிறமும் போடலாம், அந்த ஊதாக் கட்டைகளையெல்லாம் அங்கே தள்ளு. பக்கவாட்டில் ஒட்டுவதற்குக் குமிழ் வேண்டுமே, அதற்குத்தான் ஹெட்லைட் கட்டை. 1க்கு 1 கட்டையின் முகத்தில் ஒரு குமிழ் உள்ளே பதிந்தமாதிரி இருக்கும், கார் லைட் மாதிரி, உன் படத்தில் ஆறு எண்ணினேன்.

பார், தூண் 16 மி.மீ., எமக்கு 32 வேண்டும், அப்படியென்றால் ஒவ்வொரு பக்கமும் 8 மி.மீ. கூட்ட வேண்டும். தட்டை 3.2. இரண்டு போட்டால் 6.4, மூன்று போட்டால் 9.6. எட்டு வரவே வராது! ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் மூன்றும் போட்டால் கூட்டுத்தொகை சரி, ஆனால் நடு 1.6 மி.மீ. விலகிப் போய்விடும், ரொக்கட் ஒரு பக்கம் வீங்கினமாதிரி நிற்கும். நான் இதிலேயே ஒரு பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு இருந்தேன், தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது. பிறகு கடை வேர்னியரை எடுத்து ஹெட்லைட் கட்டையை அளந்தேன். அந்தக் குமிழ் இருக்கும் முகம் அரைத் தட்டை, அதாவது 1.6 மி.மீ. உள்ளே பதிந்திருக்கிறது. மூன்று தட்டை 9.6, அதில் 1.6 உள்ளே போனால் வெளியே நிற்பது 8! சத்தம் போட்டுச் சிரித்தேன், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒன்றைக் கவனி. பதிந்த இடத்துக்குள் முதல் தட்டை 1க்கு 1-ஆக இருக்க வேண்டும், பெரியதைப் போட்டால் கீழ் விளிம்பு இடிக்கும். அதற்கு மேல் பெரிய தட்டைகள் இரண்டு அடுக்கு. ஹெட்லைட் கட்டையை எல்லா வரிசையிலும் வைக்காதே, ஐந்து வரிசைக்கு ஒருமுறை வை, ஏனென்றால் ஐந்து கட்டை உயரமும் ஆறு குமிழ் நீளமும் ஒன்று, இரண்டும் 48 மி.மீ. இடையில் எங்கே வைத்தாலும் தட்டையின் ஓட்டையும் குமிழும் சந்திக்காது. நான்கு மூலையும் வெற்றாகத்தான் நிற்கும், கிட்டப் போனால் கூட்டல் அடையாளம் மாதிரித் தெரியும், வாசலில் நின்று பார்த்தால் உருளை. பரவாயில்லை, எல்லோரும் வாசலில் நின்றுதான் பார்க்கிறார்கள்.

பூஸ்டர் கழன்று கழன்று விழுகிறது என்றாய். நடுவில் ஒரேயொரு இடத்தில் பிடித்தால் விழாமல் என்ன செய்யும், ஒற்றைப் பிணைச்சலில் கதவு தொங்குகிற மாதிரி. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு இடத்தில் பிடி. பக்கத்தில் ஓட்டையுள்ள கட்டை இருக்கிறதல்லவா, அந்த ஓட்டைக்குள் குமிழ் இறுக்கமாக இறங்கும், உடம்பின் தோலில் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் குமிழ்களில் அதை ஏற்றிவிடு. இன்னொன்று, உண்மையான எல்.வி.எம். 3 தரையிலிருந்து எழும்பும்போது எரிவது அந்த இரண்டு பூஸ்டர்களும் மட்டும்தான், நடு உடம்பின் இரண்டு எஞ்சினும் மேலே போகும் வழியில்தான் பற்றும். சுமப்பது பூஸ்டர். அதனால் என்னுடைய மொடலில் பூஸ்டர்களைத் தரையில் ஊன்றி, நடு உடம்பை ஒரு தட்டை உயர்த்தி அவற்றில் தொங்கவிட்டேன். அதன் பிறகு பாரமே பூஸ்டரை உள்ளே இறுக்கிப் பிடிக்கிறது. பசை மட்டும் போடாதே. நான் ஒருமுறை சுப்பர் குளூ போட்டு, பிறகு பிழை கண்டுபிடித்து, கழற்ற முடியாமல் முப்பது கட்டையைக் குப்பையில் போட்டவன்.

சந்தைக் கடையில் வாங்கிய மலிவுக் கட்டைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். கலக்கலாம், ஆனால் பிடிப்புத் தேவையான இடத்தில் வேண்டாம். தோலுக்குப் போடு, தூணுக்கு மாமி அனுப்பியதைப் போடு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னலைத் திறந்துவைத்துக் கட்டாதே, செம்மண் தூசி கட்டையின் அடியிலுள்ள குழாய்க்குள் போனால் டென்மார்க் கட்டையும் வழுக்கும். கழுவுவதென்றால் இளஞ்சூடும் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும், நிழலில் காயவிடு. வெள்ளைக் கட்டையை வெயிலில் விட்டால் மஞ்சளாகிவிடும். உன்னுடைய கூம்பு ஏற்கெனவே கொஞ்சம் பல்லு மஞ்சள்தான்.

"எங்கட வீட்டுக்கு மேலால ஏன் ஒரு ரொக்கட்டும் போறேல்லை" என்று கடைசிப் படத்துக்குக் கீழே கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. பி.எஸ்.எல்.வி. ரொக்கட்டைத் துருவப் பாதைக்கு, அதாவது வடக்குத் தெற்காகப் பூமியைச் சுற்றும் பாதைக்கு அனுப்ப ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே விட்டால் அது எங்கள் தலைக்கு மேலால் போகவேண்டி வரும், கழன்று விழுகிற பாகங்கள் எங்கே விழும்? அதனால் முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேல் விட்டு, இலங்கையைச் சுற்றிக் கடந்த பிறகு தெற்கே திருப்புகிறார்கள். அந்தத் திருப்பத்துக்கு வீணாக எரிபொருள் செலவு. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் சின்ன ரொக்கட்டுகளுக்கு இன்னொரு ஏவுதளம் கட்டுவதற்கு இதுவும் காரணம், 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள், அங்கிருந்து தெற்கே வெறும் கடல். உன் வயதில் எனக்கும் அக்காவுக்கும் தலைக்கு மேலால் போனவை வேறு. அது போர்க்காலம். வண்டு என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் சுற்றுகிற சத்தம் கேட்டால் விளையாட்டை விட்டுவிட்டு பங்கருக்குள், பதுங்குகுழிக்குள் ஓடுவோம். ரோர்ச் பற்றரிகூட வன்னிக்குள் வரவிடாத காலம், எங்களுக்கு உருண்டது பனங்காய் வண்டில்தான். அக்காவிடம் கேள், அவர் ஓட்டின வண்டிலுக்கு ஸ்ரியறிங்கும் இருந்தது.

சரி, இப்போது நீ கட்டிய மற்றதுக்கு, அந்த விண்கப்பலுக்கு வருகிறேன். ஏழாவது படம். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை, மூலையில் பாதிதான் தெரிந்தது, ஆனால் எனக்கு அதுதான் ரொக்கட்டைவிடப் பிடித்தது. சாம்பலும் நீலமும் கட்டை, மஞ்சள் கண்ணாடி. 1978-இல் லெகோக்காரர் விண்வெளிப் பெட்டிகளை விட்டபோது பெரும்பாலும் இதே மூன்று நிறம்தான், நீ தெரிந்து செய்தாயோ தெரியாமல் செய்தாயோ. பின்பக்கக் கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேலே தூக்கப்படுகிறது. அக்காவிடம் கேட்டேன், "அதுக்குப் பேர் வான்கதவாம், குளத்தில பார்த்திட்டு வந்து செய்தவள்" என்றார். முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்கிறபோது மிச்சத் தண்ணீரை விடத் தூக்குகிற கதவு விண்கப்பலுக்கும் வான்கதவு! இந்தப் பெயரை வேறு எந்த ஊர்ப் பிள்ளை வைக்கும்?

அந்தக் கப்பலுக்குக் கணக்கு வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். குழாய், பற்சக்கரம், மூக்கு, கொம்பு எல்லாவற்றையும் உடம்பு முழுக்க ஒட்டியிருக்கிறாய், கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலைகிறது. அப்பாவின் லான்ட்மாஸ்ரரை, அந்த இரண்டு சில்லு உழவு மெஷினைப் போய்ப் பார். எஞ்சின் இருக்கும் இடத்தில் பெல்ற், குழாய், நட்டு, எண்ணெய்க் கறை எல்லாம் குவிந்து கிடக்கும், கைபிடி நீளத்துக்கும் ஒன்றுமில்லை, வெறும் இரும்பு. அதனால்தான் எஞ்சின் எஞ்சினாகத் தெரிகிறது. உன் கப்பலிலும் சாமான்களையெல்லாம் பின்னால் எஞ்சினைச் சுற்றிக் குவி, மூக்குப் பக்கம் வழவழவென்று விடு. பிறகு அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாயால் உறுமிக்கொண்டு, கிணற்றடிவரை ஓடிப்போய்த் திரும்பி வா. வழியில் என்ன விழுகிறதோ அது பிழையான வடிவமைப்பு. பெரிய ஆட்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை.

பள்ளிக்கூடக் கணினியில் கட்டிப் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். ஸ்ரூடியோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. 1995-இல் ஜேம்ஸ் ஜெசிமன் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் தொடங்கிய எல்ட்ரோ என்ற மென்பொருளிலிருந்துதான் இந்தத் திரையில் கட்டும் வேலையே பரவியது. ஆனால் திரையில் பாரம் இல்லை, விழுவதும் இல்லை, கட்டை முடிவதும் இல்லை. நான் அதில் கட்டிய ஒரு கப்பலுக்கு நாற்பது கட்டை தேடித் திரிந்து, கடைசியில் அந்தக் கட்டை அந்த நிறத்தில் வந்ததே இல்லை என்று அறிந்து விசராகி மூடிவைத்தேன். கணக்குப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உடம்பில் ஹெட்லைட் கட்டை வைக்கும் வரிசை ஐந்து, வரிசைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு, மொத்தம் 20 ஹெட்லைட் கட்டை வேண்டும். உன்னிடம் ஆறு, என்னிடம் பதினான்கு, மருந்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் பழைய பரலைக் கழற்றி நிறம்நிறமாகப் பிரித்து வை, சொப்பிங் பையில் கட்டாதே, சோற்றுத் தட்டுகளில் வை, அக்கா ஏசினால் என் பெயரைச் சொல்.

ஒன்றை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறேன். 5 குமிழ்க் கூம்பு 4 குமிழ் உடம்பின் மேல் நடுவில் உட்கார வேண்டும், அப்படியென்றால் நான்கு பக்கமும் அரைக் குமிழ் வெளியே தள்ள வேண்டும். குமிழுக்குக் குமிழ் வைத்தால் ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கும். உன் நீலப் பெட்டியில் நடுவில் ஒரேயொரு குமிழ் உள்ள 1க்கு 2 தட்டைகள் கொஞ்சம் இருக்க வேண்டும், இரண்டாவது படத்தில் கண்டேன். ஒன்று வைத்தால் ஒரு திசையில் மட்டும்தான் அரைக் குமிழ் நகரும். மற்றத் திசைக்கும் நகர்த்த அவற்றை எப்படி வைப்பாய்? ஞாயிறு வரும்போது கூம்பு நேராக நிற்க வேண்டும்.

அன்புடன்,
மாமா
கிளிநொச்சி