கதை சொன்னவர்கள் ஓடிப்போனவர்கள் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் ஆறுதல் தந்த இடைக்கால இலக்கியங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதில் இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ கதைநூலைப் பற்றிச் சொன்னது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கொள்ளைநோயில் ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது பத்து வசதியான பிள்ளைகள் தப்பியோடி, தோட்டவீட்டில் கதை பேசிப் பொழுதைக் கழித்தார்கள் என்ற தொனியில் அது இருக்கிறது.

வசதியானவர்கள்தான், மறுக்கவில்லை. வேலைக்காரர்களையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் 1348இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரம் எப்படி இருந்தது என்பதை நூலின் தொடக்கத்திலேயே பொக்காச்சியோ சொல்லிவிடுகிறார். பெற்றவர்களே பிள்ளைகளைக் கைவிட்டார்கள். கப்பலில் சரக்கை அடுக்குவதுபோல் பிணங்களைக் குழிக்குள் அடுக்கினார்கள். சாண்டா மரியா நொவெல்லா தேவாலயத்தில் கூடும் ஏழு பெண்களில் ஒருத்தியான பம்பினேயா கிளம்பலாம் என்று சொல்லும்போதே, நாம் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை, நம்மவர்கள் செத்தோ ஓடியோ நம்மைத்தான் தனியே விட்டுவிட்டார்கள் என்கிறாள். அப்புறம்தான் மூன்று ஆண்கள் வந்து சேர்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்கள் செய்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாளுக்கு ஒருவர் தலைமை, ஆளுக்கு ஒரு கதை. சாப்பாடு, ஓய்வு, கதை நேரம் எல்லாம் அவர் சொல்படி. முதல் நாள் அரசியான பம்பினேயா வேலைக்காரர்களுக்கு ஒரு கட்டளை போடுகிறாள்: வெளியே எங்கே போனாலும், எதைக் கேட்டாலும், நல்ல சேதி தவிர வேறெதையும் உள்ளே கொண்டுவரக்கூடாது. 2020இல் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்த தொலைக்காட்சியை எத்தனை வீடுகளில் அணைத்துவைத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். சதுரங்கமும் அங்கே இருக்கிறது. ஆட்டத்தில் ஒருவர் மனம் நோகும், கதையென்றால் ஒருவர் சொல்ல எல்லோருக்கும் இன்பம் என்று அதையும் அவள் ஒதுக்கிவிடுகிறாள். வெள்ளியும் சனியும் கதைக்கு விடுமுறை. கிழமையே மறந்துபோன ஊரடங்கை அனுபவித்தவர்களுக்கு இந்த ஒழுங்கின் அருமை புரியும். கதைகளைவிட இதுதான் பாதி மருந்து என்பேன்.

மருந்து என்று சும்மா சொல்லவில்லை. பயமும் துக்கமும் உடலைக் கெடுக்கும் என்று அக்கால மருத்துவர்கள் நம்பினார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் சாவையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள், பாட்டிலும் இனிய கதைகளிலும் மனதைச் செலுத்துங்கள் என்று ஃபிளாரன்ஸ் மருத்துவர் தொம்மாசோ தெல் கார்போ எழுதியே வைத்திருக்கிறார்.

சரி, எல்லாம் சிரிப்புக் கதைகளா? அதுவும் இல்லை. நான்காம் நாள் தலைவனான ஃபிலோஸ்த்ராதோ, துயரத்தில் முடிந்த காதல்களைச் சொல்லச் சொல்கிறான். மகிழ வந்த இடத்தில் கண்ணீர்க் கதையா என்று ஃபியம்மெத்தா குறைபட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கிறாள். கொல்லப்பட்ட காதலனின் தலையைத் துளசி வகைச் செடியொன்றின் தொட்டியில் புதைத்து அழும் லிசபெத்தாவின் கதை அன்றுதான் வருகிறது. கேட்கிற பெண்கள் கலங்குகிறார்கள். எந்தத் தலைப்புக்கும் கட்டுப்படாத தியோனேயோ கடைசியில் ஒரு வேடிக்கைக் கதை சொல்லி அந்த நாளை முடித்துவைக்கிறான். நேரே அழ முடியாத சாவுகளுக்காக அவர்கள் இங்கே அழுதார்கள் என்றே நான் வாசிக்கிறேன். இதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதோடு, நூறு கதைகளும் முடிந்ததும் அவர்கள் அதே ஃபிளாரன்ஸுக்குத் திரும்பிப் போகிறார்கள். நோய் ஓய்ந்துவிட்டது என்று பொக்காச்சியோ எங்கும் எழுதவில்லை.

இந்நூலிலிருந்து கதைகளை மொழிபெயர்த்து வெளியிடும் எண்ணம் இருந்தால், கொள்ளைநோயை விவரிக்கும் முதல் பக்கங்களைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். இடம் போதாது என்றால் ஒரு கதையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்