சோற்றை விஷம் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், “மாவுச்சத்து உடலுக்குத் தேவையே இல்லாத விஷம், இன்றே சோற்றை நிறுத்துங்கள்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். என் கணவர் படித்தார். அன்றிரவே சோற்றை நிறுத்தினார். இன்சுலின் ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். ஊசி போடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

விடியற்காலை 4 மணிக்குச் சட்டை தொப்பலாக நனைந்து, கை நடுங்க, என்னைப் பார்த்து “நீங்க யாரு?” என்று கேட்டார். விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன், 46. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்பது தாங்கள் அறியாததல்ல. நல்லவேளை, விழுங்கும் நிலையில் இருந்தார். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் என் பெயர் அவர் வாயில் வந்தது. நாற்பது வருடம் கூப்பிட்ட பெயர்.

மூளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ், அதாவது மாவுச்சத்து செரித்து வரும் சர்க்கரை, வேண்டும். இரத்தச் சிவப்பணுக்களுக்கு அதைத் தவிர வேறு எரிபொருளே கிடையாது. சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரல் புரதத்தைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்துகொள்ளும். தேவையே இல்லாத பொருளுக்கா உடம்பு இந்தப் பாடு படும்? இன்சுலின் போட்டுக்கொண்டவருக்கு அந்த வழியும் அடைபட்டுப்போகும். சோற்றைக் குறைக்கச் சொல்லுங்கள், நானும் சொல்வேன். மருத்துவரைக் கேட்டு ஊசியின் அளவையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. உங்கள் மாணவர் பக்கத்தில் “மாவுச்சத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை” என்று வந்தபோது எழுதினேன். பதில் இல்லை. முப்பத்தொரு வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். விதைநெல்லை முளைகட்டி, ஆளுக்கு நாலு மணி கொடுத்து மெல்லச் சொல்வேன். இனிக்கும். வெயிலில் இலை செய்த சர்க்கரையைத்தான் பயிர் மணிக்குள் மாவாக மூட்டை கட்டி வைக்கிறது. முளை தன் முதல் இலையை விடும்வரை அந்த மாவையே மறுபடி சர்க்கரையாக்கித் தின்கிறது. என் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே நாக்கால் தெரிந்துகொண்டதை ஒரு பத்திரிகை மறுத்து எழுதியது. நீராகாரம் குடித்துவிட்டுப் பொழுது சாயும்வரை நாற்று நட்ட என் அம்மாவுக்கு எது தெம்பு கொடுத்தது, ஐயா? அதே பக்கத்தின் அடியில் சர்க்கரை நோயை வேரோடு அறுக்கும் பொடிக்கு விளம்பரம் வேறு. அதைப் பற்றியும் இரண்டு முறை எழுதிவிட்டேன்.

இருபத்தாறு வருடமாக உங்கள் பத்திரிகைதான் எங்கள் வீட்டுத் திண்ணையில் விழுகிறது. அதில் அச்சானதை என் கணவர் நம்பினார், அவ்வளவுதான் அவர் செய்த தவறு.

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தக் கூடாது. இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கும்பகோணம்.