இமயமலைப் பிரம்ம கமலம் என்று விற்ற செடி குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் தளத்தில் செடி வாங்கிய வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையவழிச் செடி விற்பனை நிறுவனம்.

பொருள்: செடியின் இனத்தையும் பூர்வீகத்தையும் தவறாகச் சொல்லி விற்றது, பணத்தைத் திருப்பித் தரவும், விற்பனைப் பக்கங்களைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் தளத்தில் 'அரிய இமயமலைப் பிரம்ம கமலம்' செடி, 'டெல்லி கனகாம்பரம்' விதைப் பாக்கெட், 'ஃபிளேம் லில்லி' கிழங்கு மூன்றையும் ஒரே ஆர்டரில் வாங்கினேன். மொத்தம் ரூ.1,450. பார்சல் சொன்ன தேதிக்கு வந்தது, பேக்கிங்கிலும் குறையில்லை. உள்ளே இருந்ததுதான் பிரச்சினை.

முதலில் பிரம்ம கமலம். இதற்கு மட்டும் ரூ.899. ஈரச் செய்தித்தாளைப் பிரித்தால் தேங்காய் நாருக்குள் தட்டையாக ஒரு பச்சைத் துண்டு. நடுவில் தடித்த நரம்பு, இரண்டு ஓரத்திலும் அலை அலையாக வெட்டு, அடியில் நாலைந்து வெள்ளை வேர். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, இது நிஷாகந்தி. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இருக்கிறது. கேட்டால் ஒரு துண்டு ஒடித்துச் சும்மாவே கொடுப்பார்கள்.

நிஷாகந்தியை நம் ஊரில் பிரம்ம கமலம் என்று சொல்லும் வழக்கம் எனக்கும் தெரியும். நீங்களும் அந்த அர்த்தத்தில் விற்றிருந்தால் நான் வாங்கியே இருக்க மாட்டேன். ஆனால் உங்கள் பக்கத்தில் கேதார்நாத் கோயில் படம் இருக்கிறது. 'உத்தராகண்டின் மாநில மலர்' என்ற வரி இருக்கிறது. பூர்வீகம் என்ற இடத்தில் 'இமயமலை' என்று போட்டு, கீழே சாசூரியா ஆப்வல்லாட்டா என்று தாவரவியல் பெயர் வேறு. அந்தச் செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமார் 3,700 மீட்டர் உயரத்துக்கு மேல், மலைச்சரிவில் பாறைகளுக்கு நடுவே வளர்வது. மழைக்காலத்தில் பூக்கும். வெளியே வெளிர் மஞ்சளாகத் தெரிபவை இதழ்கள் அல்ல, காகிதம் மாதிரி மெல்லிய மடல்கள். அசல் பூக்கள் அவற்றுக்குள் ஊதா நிறத்தில் கொத்தாக இருக்கும். கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் சாமிக்குப் படைப்பது அதைத்தான்.

நீங்கள் அனுப்பியது எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம். முள் இல்லாவிட்டாலும் கள்ளிக் குடும்பம். பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே காட்டு மரங்களின் மேல் தொற்றி வளர்கிறது. இலை என்று நாம் நினைப்பது அதன் தண்டு. ஓரத்து வெட்டுகளிலிருந்துதான் மொட்டு கிளம்பும். ராத்திரி விரிந்து, விடிவதற்குள் தலை தொங்கிவிடும். அழகில் எந்தக் குறையும் சொல்ல முடியாது, வாசமும் ஆளைத் தூக்கும். ஆனால் மெக்சிகோக் கள்ளிக்கு இமயமலை விலை எதற்கு?

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். பேசிய பெண், "இமயமலைச் செடிதான் மேடம், உங்க ஊர் கிளைமேட்டுக்கு இலை இப்படி மாறிடும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, எழுதிக் கொடுத்ததைச் சொல்லியிருப்பார். எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும் ஒன்று: எந்த ஊர் வெயிலிலும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி கள்ளியாக மாறாது. நிஜமான இமயமலைச் செடியாக இருந்தால் கோவை வெயிலில் காய்ந்துதான் போகும்.

அடுத்தது கனகாம்பரம். ரூ.150 என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. மஞ்சள், சாதா ஆரஞ்சு ரகங்களில் காய் பிடிக்கும். காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். டெல்லி கனகாம்பரம் மும்மடிய ரகம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும் ரகம், அதில் விதையே பிடிக்காது. குச்சியை வேர்விட வைத்துத்தான் நாற்று எடுக்கிறார்கள். பூ விவசாயி யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். அப்புறம் நீங்கள் எந்தச் செடியிலிருந்து விதை எடுத்துப் பாக்கெட் போட்டீர்கள்?

மேலே சொன்ன இரண்டும் பணத்தோடு போகிற விஷயம். மூன்றாவது அப்படியில்லை. 'ஃபிளேம் லில்லி, அரிய வெளிநாட்டு அலங்காரக் கொடி' என்று நீங்கள் விற்பது செங்காந்தள். ஆப்பிரிக்காவிலும் வளர்கிறது, ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் அதுதான், சரி. ஆனால் அது தமிழ்நாட்டின் மாநில மலரும்கூட. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அந்த விதையில் இருக்கும் கோல்ச்சிசின் மூட்டுவாத மருந்துக்குப் போகிறது. அதே கோல்ச்சிசின் அளவு மீறினால் ஆளைக் கொல்லும் விஷம். செடி முழுக்க இருந்தாலும் விதையிலும் கிழங்கிலும் அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் பையில் விஷம் என்று ஒரு வார்த்தை இல்லை. 'குழந்தைகளுடன் நட்டு மகிழுங்கள்' என்று மட்டும் அச்சடித்திருக்கிறது! தவிர, கவட்டை போன்ற அந்தக் கிழங்கின் இரண்டு நுனியும் ஒடிந்திருந்தன. முளை இருப்பதே அந்த நுனியில்தான்.

ரூ.1,450 முழுவதையும் நான் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கூப்பன், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி எதுவும் வேண்டாம். பிரம்ம கமலம் பக்கத்தில் சரியான தாவரவியல் பெயரையும் பூர்வீகத்தையும் போடுங்கள், கோயில் படத்தை எடுத்துவிடுங்கள். டெல்லி கனகாம்பரம் விதை விற்பதை நிறுத்துங்கள். செங்காந்தள் பையில் தமிழில் விஷ எச்சரிக்கை வரும்வரை அந்தக் கிழங்கை யாருக்கும் அனுப்பாதீர்கள். பணம் வரத் தாமதமானாலும் இதை நாளைக்கே செய்யலாம்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது உங்கள் பொறுப்பு. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன்; அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை.

நிஷாகந்தியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், மூன்று விற்பனைப் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட், வந்த செடி, விதைப் பாக்கெட், ஒடிந்த கிழங்கு ஆகியவற்றின் புகைப்படங்கள்.