நிழலைக் கவனித்த அக்காவுக்கு நன்றி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கஞ்சி கேட்டார். பல வருஷக் குடியைத் திடீரென்று நிறுத்தியதில் உடம்பும் புத்தியும் தடுமாறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நடந்தது தெருவுக்கே தெரியும், முழுசாகத் திரும்பச் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏற்றிய அண்ணன்கள், பணம் அனுப்பிய சித்தப்பா, எங்களால் தூக்கம் கெட்டும் முகம் சுளிக்காத பக்கத்துக் கட்டில்காரர்கள், நேரம் தவறாமல் ஊசி போட்ட நர்ஸுகள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ட்யூட்டி டாக்டருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அப்பா ஏன் இப்படி அடிக்கிறார் என்று அழுத அம்மாவை உட்காரவைத்து விளக்கினார். மூளையை அடக்கிவைக்க காபா, தூண்டிவிட குளூட்டமேட் என்று மூளைக்குள்ளேயே இரண்டு ரசாயனங்கள் இருக்கின்றனவாம். குடி காபாவுக்குக் கைகொடுத்து குளூட்டமேட்டை அமுக்குமாம். வருஷக்கணக்கில் குடித்தால் மூளை அதற்கு ஈடாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் அடக்க ஆளில்லை, தூண்டுவது மட்டும் மிச்சம். நடுக்கம், வேர்வை, வலிப்பு எல்லாம் அதனால்தான். சிலருக்கு 48 மணி நேரத்துக்குப் பிறகு புத்தியே தடுமாறி, இல்லாததெல்லாம் தெரியும். "உங்களை அடிக்கலம்மா, பயந்துபோய் அடிக்கிறார்" என்றார்.

அந்தப் பயம் எதைப் பார்த்து என்று கண்டுபிடித்தவர், ராத்திரி வார்டு பெருக்க வந்த ஒரு அக்கா.

அப்பா "கட்டையைக் கீழே போடுடா" என்று கத்தி, பிடிக்கப் போன தம்பியின் மூக்கில் குத்திவிட்டார். நாங்கள் எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, அவர் எங்கே பார்க்கிறார் என்று பார்த்தார். சுவரில் டிரிப்ஸ் ஸ்டாண்டின் நிழல். "பாப்பா, அவருக்கு அங்க ஆள் நிக்குது" என்றார். நர்ஸிடம் கேட்டு, ட்யூப் இழுபடாமல் ஸ்டாண்டை மறுபக்கம் நகர்த்தினார். அணைத்திருந்த லைட்டைப் போட்டார். அப்புறம் எட்ட நின்றபடி, "அய்யா, இது ஆஸ்பத்திரி. மணி மூணு. உங்க பொண்ணு இங்கதான் இருக்கு" என்றார். வேலைக்கு நடுவே வந்து வந்து அதையே சொன்னார், குரல் ஏறாமல்.

மருந்தும் பிடிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். அப்பாவின் முஷ்டி மெல்லத் தளர்ந்தது. இல்லாத ஊசியில் விரல்கள் நூல் கோக்க ஆரம்பித்தன. வாழ்நாளெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். இந்த நிலையில் பழகிய தொழிலைக் கை தானாகச் செய்வது உண்டு என்று காலையில் டாக்டர் சொன்னார். வெளிச்சமும், இடம் நேரம் சொல்லும் அமைதியான குரலும் சிகிச்சையில் சேர்ந்தவைதான் என்றும் சொன்னார். அக்காவுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

அப்பா இனி குடிக்கவே மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எங்கள் தெருவில் இனி யாராவது "ரூம்ல போட்டுப் பூட்டு, நாலு நாள்ல தெளிஞ்சிடுவான்" என்றால், போய்த் தடுப்பேன். தினமும் நிறையக் குடிப்பவர் டாக்டர் துணையில்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால் உயிரே போகலாம். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அக்கா, டிஸ்சார்ஜ் அன்று உங்களைத் தேடினேன், வேறு வார்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு அந்த ராத்திரி எதுவும் ஞாபகமில்லை, நான் சொல்லித்தான் தெரியும். கை நடுக்கம் நின்றதும் உங்களுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவாராம். அளவு ஜாக்கெட் ஒன்று கொடுத்தனுப்புங்கள்.