மிதித்தபடியே ஒரு எம்.ஆர்.ஐ.

ஆசிரியருக்கு வணக்கம். எம்.ஆர்.ஐ. அறையில் 20 வருடம் நான் சொன்னது ஒன்றுதான்: "அசையாம படுங்க." ஸ்கேன் குழாய்க்குள் படுத்து பெடல் மிதிப்பவரின் ரத்த ஓட்டத்தை அளக்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு கட்டுரையில் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் பலமான காந்தம்; அதனால் அந்தப் பெடலில் இரும்பு துளியும் இருக்கக் கூடாது. ஒரு ஹேர்பின் என் கண்முன்னே பறந்துபோய் அதில் ஒட்டியது. அப்புறம், ரத்த ஓட்டத்தை அளக்க, படத்தில் ரத்தம் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் ஊசிமருந்து கட்டாயமில்லை. ஓடும் ரத்தத்தின் வேகத்துக்கேற்ப, அதிலிருந்து வரும் சிக்னலின் கட்டம் (phase, அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) மாறும். அதை வைத்தே கணக்கிடலாம். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இறைக்கும் இதயம், கடும் உழைப்பில் 20-ஐக்கூடத் தாண்டலாம்; அந்த மாற்றத்தைப் பார்க்கத்தான் மிதிக்க வைக்கிறார்கள்.

மூச்சிரைத்து மார்பு ஏறி இறங்குவதால் படம் கலங்குவதுதான் தலைவலி. சரி, மிதிப்பதை நிறுத்திவிட்டு எடுக்கலாமே என்றால், நாடித்துடிப்பு அதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

— ஓய்வுபெற்ற ஸ்கேன் டெக்னீஷியன், திருச்சி