அட்டையில் 'அதிகம்', பயிரில் பற்றாக்குறை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறவன் நான். அரசு மண்ணைச் சோதித்துத் தரும் மண்வள அட்டையில், எங்கள் நிலத்தில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், 'அதிகம்' என்று இருக்கிறது. அதை நம்பிப் பலரும் அந்தச் சத்தைத் தரும் பொட்டாஷ் உரம் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். ஆனால் கார்த்திகையோடு மழை நின்றுபோன வருஷங்களில் மக்காச்சோளத்தைப் பாருங்கள். அடி இலையின் ஓரம் நுனியிலிருந்து மஞ்சளாகி, அப்புறம் தீயில் வாட்டியது போல் கருகும். நடு நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது சாம்பல் சத்துப் பற்றாக்குறையின் அடையாளம். நாமோ வெறும் வாட்டம் என்று விட்டுவிடுகிறோம்.

வேர் நேராகத் தொடுகிற மண் கொஞ்சம்தான். மற்ற இடத்துச் சாம்பல் சத்து, மண் துகளைச் சுற்றியிருக்கும் ஈரத்தின் வழியாகவே வேருக்கு நகர்ந்து வர வேண்டும். ஈரம் வற்றினால் சத்து இருந்த இடத்திலேயே நின்றுவிடும். சில வகைக் களிமண் காயும்போது ஒரு பகுதியைத் தன் அடுக்குகளுக்குள் இறுக்கிப் பிடித்தும் கொள்ளும். மண் சூடேறினால் சத்து வேகமாக நகரும் என்பது உண்மைதான். குளிர்ந்த மலை மண்ணில் வேரே மந்தமாகிவிடும். ஆனால் கரிசலில் வெயில் முதலில் ஈரத்தைக் குடித்துவிடுகிறதே! ஐப்பசி அடைமழையில் தண்ணீர் கட்டினாலும் தொல்லைதான், காற்றில்லாமல் வேர் சத்தை எடுக்காது.

ஆய்வகத்தில் மண்ணை உலர்த்திச் சலித்து, அம்மோனியம் அசிட்டேட் கரைசல் ஊற்றிக் குலுக்கி அளக்கிறார்கள். அந்தக் குடுவையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தை மாதக் கரிசலில் அது எங்கே இருக்கிறது? போதாததற்கு, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்பது மண்வள அட்டைத் திட்டத்தின் கணக்கு.

வேளாண்மைத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். மானாவாரி நிலத்து அட்டையில், 'ஈரம் குறைந்தால் இந்தச் சத்து பயிருக்குக் கிடைக்காமல் போகலாம்' என்று ஒரு வரி சேருங்கள். பொட்டாஷ் போடுகிறவர்களிடம், சீக்கிரம் காய்ந்துவிடும் மேல்மண்ணில் தூவாமல், விதைப்பின்போதே ஈரம் நிற்கும் ஆழத்தில் போடச் சொல்லுங்கள். பயறு வகைகளுக்கு வறட்சியில் 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு, அதாவது லிட்டருக்கு 10 கிராம், தெளிக்கும் பரிந்துரை ஏற்கெனவே உள்ளது. அதையும் அட்டையிலேயே அச்சிடலாம். புரட்டாசி விதைப்புக்கு முன் செய்தால் இந்த வருஷமே பயன்படும்.

மானாவாரி விவசாயி,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்