முள்கத்தரிக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

மேய்ச்சல் நிலங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் கொடுத்த மனுக்களுக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. தமிழில் எழுதினாலும் அதே கதிதான் என்பதால், இம்முறை எனக்குக் கைவந்த மொழியில் எழுதுகிறேன்.

கென்யாவின் லைகிபியா மேட்டுநிலத்தில் கால்நடைக் கூட்டுறவு ஒன்றில் கணக்கு எழுதுபவன் நான். மசாய்கள் எந்துலெலே என்று சொல்லும் அந்த முள்கத்தரியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாம்பல் பூத்த இலை, ஊதாப் பூ, பழுத்தால் மஞ்சளாகும் விஷக்காய். நம் கத்தரிக்காய்க்கு நெருங்கிய சொந்தம். புல்லை மாடு கரம்பிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவதால், மொட்டை நிலமெல்லாம் இதுவே. வெட்டினால் மறுபடியும் தளிர்க்கிறது. யானையும் இம்பாலா மானும் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன.

பசி முற்றினால் வெள்ளாடு எதைத்தான் விடும்? போன வாரம் ஒரு மூதாட்டியின் ஆடுகள் செத்தன. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் அரைபட்ட மஞ்சள் தோலும் தட்டை விதைகளும். உங்கள் ஊழியர் அந்த விதைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு இழப்பீட்டுப் படிவத்தில் ‘வறட்சி’ என்று எழுதினார். ஏன் என்று கேட்டேன். படிவத்தில் சிறுத்தைக்குக் கட்டம் உண்டு, கள்ளிக்கு உண்டு, இதற்கு இல்லையாம். ‘வறட்சி’ என்று எழுதிவிட்டால் செடியைப் பிடுங்கப் பணம் எங்கிருந்து வரும்?

இதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்கப் பூச்சி விட்டீர்கள், கூட்டம் போட்டீர்கள், விடுதியில் விருந்தும் வைத்தீர்கள். இது உள்ளூர்ச் செடி. பாஸ்போர்ட் கேட்க ஆளில்லாத குறைதான் போலும்! 2020 கடைசியில் தொடங்கி ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்ததில் மந்தையைத் தொலைத்தவர்கள், மிச்சமிருக்கும் ஆடுகளை இந்தக் காய்க்கும் பறிகொடுக்க வேண்டுமா? நீங்கள் வந்து போகும் ஜீப்பின் டீசல் செலவில் பாதியைக் கொடுத்தால் எங்கள் இளைஞர்களே வேரோடு தோண்டிவிடுவார்கள். கையுறையும் இல்லாமல், முள் குத்திய விரல்களோடு இப்போதும் அதைத்தான் செய்கிறார்கள், கூலியில்லாமல்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மழைக்கு முன்பாகப் படிவத்தில் முள்கத்தரிக்கு ஒரு கட்டமும், தோண்டுபவர்களுக்குக் கூலியும், தோண்டிய இடத்தில் தூவப் புல்விதையும் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த மூதாட்டியின் படிவத்தையும் திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கூட்டுறவுக் கணக்கர்